அரியர் கிடையாது... கேட்காமல் உதவியும் கிடையாது! அமெரிக்கா போகும் வடசென்னை மாணவர்கள் கவனத்துக்கு

ஜூலை பிறந்துவிட்டால் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் சில வீடுகளில் பெட்டி கட்டும் வேலை மும்முரமாகிவிடும். குக்கர், இட்லிப்பொடி, ஸ்வெட்டர், ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி மூன்று அடுக்கு பிளாஸ்டிக் கவர். 23 கிலோவைத் தாண்டுகிறதா என்று பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். ஐ-20 வந்தாயிற்று, விசாவும் கிடைத்தாயிற்று, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக்கடனும் வாங்கியாயிற்று. 'இனி பிள்ளை படிச்சுக்கும்' என்பது வீட்டின் நம்பிக்கை.

படிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால், அங்கே எப்படிப் படிக்க வேண்டும் என்பது தெரியாமல்தான் முதல் செமஸ்டரில் பலர் சறுக்குகிறார்கள்.

'ஓப்பன் டோர்ஸ்' அறிக்கையின்படி, 2024-25 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் இந்தியர். அவர்களில் எண்ணூர், மணலி தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்த்த அப்பாக்களின் பிள்ளைகளும், காசிமேட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் போன்ற உதவித்தொகைகளில் போகிறவர்களும் உண்டு. இவர்களில் பலருக்கு, 'அங்கே காலேஜ் எப்படி நடக்கும்?' என்று கேட்க வீட்டிலோ தெருவிலோ ஓர் ஆள் கிடையாது.

விஷயம் இதுதான். அமெரிக்கக் கல்லூரியில் மாணவருக்கு வேண்டிய உதவி ஏராளமாக இருக்கிறது. ஆனால், அது வீடு தேடி வராது. அழுத பிள்ளைக்குத்தான் பால். அதுவும் சீக்கிரமே அழ வேண்டும்.

அரியர் என்ற வார்த்தையே இல்லை

வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரியிலோ, பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியிலோ படித்தவர்களுக்குப் பழகிப்போன ஒரு கணக்கு உண்டு: தியரி பேப்பருக்கு இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. கடைசி இரண்டு வாரம் விழுந்து விழுந்து படித்தால் கரையேறிவிடலாம். முடியாவிட்டால் அரியர் வைத்து அடுத்த முறை எழுதலாம். 2020-இல் கொரோனா நேரத்தில் வந்த 'அரியர் ஆல் பாஸ்' அறிவிப்பைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. அந்த அளவுக்கு அரியர் நம் கல்லூரி வாழ்க்கையில் ஒட்டிக்கொண்ட ஒன்று.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு இல்லை. ஒரு பாடத்தில் 'எஃப்' வாங்கினால், தேர்வை மட்டும் திரும்ப எழுத முடியாது. அந்தப் பாடத்தையே மறுபடி எடுத்து, முழுக் கட்டணத்தையும் டாலரில் மறுபடி கட்டி, முதல் வகுப்பிலிருந்து உட்கார வேண்டும்.

மார்க்கும் கடைசியில் மொத்தமாக வராது. ஒரு பாடத்துக்கு ஹோம்வொர்க் 20, சின்னச் சின்ன வினாத்தேர்வுகள் 15, வகுப்பில் பங்கேற்பு 10, இடைத்தேர்வு 25, இறுதித்தேர்வு 30 என்று பிரித்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். இறுதித்தேர்வில் முப்பதுக்கு முப்பது எடுத்தாலும், மீதி எழுபதைக் கோட்டைவிட்டவருக்குப் பயனில்லை. ஷிஃப்ட் பார்த்த அப்பாக்களுக்கு இது உடனே புரியும். மாதக் கடைசியில் ஒரே ஒரு நாள் வந்து மொத்த வேலையையும் முடித்துக்கொடுக்க முடியாது. ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் தனிக் கணக்கு உண்டு.

சராசரி மார்க்கான ஜி.பி.ஏ., 4.0-க்குக் கணக்கிடப்படும். ஒரு முதுநிலை மாணவர் நான்கு பாடங்கள் எடுக்கிறார், ஒவ்வொன்றும் 3 கிரெடிட். மூன்றில் 'பி' வாங்குகிறார், ஒன்றில் 'எஃப்'. சராசரி 2.25-க்கு இறங்கிவிடும். பெரும்பாலான முதுநிலைத் துறைகள் 3.0-க்குக் குறையாமல் எதிர்பார்க்கின்றன. அதற்குக் கீழே போனால், 'ப்ரொபேஷன்' என்று கண்காணிப்பில் வைப்பார்கள். அதிலும் தேறவில்லை என்றால் படிப்பிலிருந்தே விலக்க முடியும். ஒரே ஒரு பாடம்தானே என்று விட முடியாததற்குக் காரணம் இதுதான்.

சிலபஸ்: அதே வார்த்தை, வேறு அர்த்தம்

நமக்கு சிலபஸ் என்றால் யூனிட் ஒன்று முதல் ஐந்து வரை பாடத் தலைப்புகள். பரீட்சைக்கு முன்னால் ஜெராக்ஸ் கடையில் தேடினால் போதும். அங்கே ஒவ்வொரு பேராசிரியரும் தன் பாடத்துக்குத் தானே எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம்தான் சிலபஸ்.

எந்தத் தேதிக்குள் எதைக் கொடுக்க வேண்டும், தாமதமானால் ஒரு நாளைக்கு எத்தனை மார்க் குறையும், எத்தனை வகுப்புக்கு வராமல் இருக்கலாம், நண்பர்களுடன் சேர்ந்து ஹோம்வொர்க் செய்யலாமா, சாட்ஜிபிடி போன்ற ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்தலாமா... எல்லாம் அதில் இருக்கும். ஒரு பேராசிரியர் அனுமதிப்பதை அடுத்த அறையில் இருப்பவர் தடைசெய்திருப்பார். 'எனக்குத் தெரியாதே சார்' என்ற பதில் எடுபடாது. முதல் வாரமே கொடுத்துவிட்டார்களே!

முதல் நாளே எல்லா சிலபஸ்களையும் எடுத்துவைத்து, தேதிகளை மொபைல் காலண்டரில் ஏற்றிவிட வேண்டும். இரவு 11.59 வரை நேரம் என்று இருந்தால் 12.00 மணிக்கு இணையதளம் மூடிவிடும். அதிகாரியைப் பார்த்து ஒரு கையெழுத்து வாங்கிவிடலாம் என்ற நம்மூர் வழி அங்கே இல்லை. நியாயமான காரணம் இருந்தால் கெடு முடிவதற்கு *முன்பே* எழுதிக் கேட்கலாம். பலர் கொடுப்பார்கள்.

'ஆபீஸ் ஹவர்ஸ்' என்றால் தொந்தரவு செய்யாதே என்று அர்த்தமில்லை

புதிதாகப் போகும் மாணவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் வார்த்தை இது. 'ஆபீஸ் ஹவர்ஸ்: செவ்வாய் 2 முதல் 4 மணி' என்று போட்டிருந்தால், அந்த நேரத்தில் பேராசிரியர் ஆபீஸ் வேலையில் இருப்பார், போகக் கூடாது என்று நினைத்துவிடுகிறார்கள். நேர்மாறு. மாணவர்கள் வந்து சந்தேகம் கேட்பதற்காகவே அவர் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கும் நேரம் அது. பல நாள்களில் யாருமே வராமல் காத்திருப்பார்கள்.

நம் பிள்ளைகள் ஏன் போவதில்லை? சந்தேகம் கேட்டால் 'கவனிக்காம என்ன பண்ணிட்டிருந்த?' என்று திட்டு விழுந்த அனுபவம் ஒன்று. தன் ஆங்கிலத்தைப் பற்றிய கூச்சம் இன்னொன்று. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு இந்தக் கூச்சம் இரட்டிப்பு. ஆனால், கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் மரபு சொல்லவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், மாணவரின் கடமைகளை அடுக்கும்போது வினா எழுப்புவதையும், கேட்ட வினாவுக்கு விடை சொல்வதையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தவிர, விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்தில் குரல் கொடுத்து விலை பேசும் ஊருக்கு, வாய் திறப்பது புதிதா என்ன?

எப்படிக் கேட்பது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 'எனக்கு ஒண்ணுமே புரியலை' என்று போய் நின்றால் அவரால் உதவ முடியாது. 'மூன்றாவது கணக்கில் இந்த வரி வரை போட்டுவிட்டேன், அடுத்த வரி எப்படி வந்தது?' என்று, முயன்ற தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் வழி கிடைத்துவிடும். கூட்டம் அதிகமுள்ள பாடங்களில் 'டி.ஏ.' எனப்படும் முதுநிலை மாணவர்கள் இதே உதவியைச் செய்வார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. பின்னாளில் பிஎச்.டி.-க்கோ வேலைக்கோ பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால், முகம் தெரிந்த பேராசிரியர்தான் எழுதித் தருவார். இருநூறு பேர் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவரைப் பற்றி அவருக்கு எழுத ஒன்றும் இருக்காது.

பேசியதிலிருந்து பிறந்த இரண்டு நூல்கள்

'பங்கேற்பு' என்று மார்க் ஒதுக்கியிருப்பது வருகைப்பதிவுக்கு அல்ல, பேசுவதற்கு. சரியான பதில் தெரிந்தால்தான் கை தூக்க வேண்டும் என்றில்லை. 'இந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை, காரணம் இது' என்று சொன்னாலும் மார்க்தான். பேராசிரியரிடமேகூட.

22 வயதில், 1913-இல், பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார் அம்பேத்கர். 1916 மே 9 அன்று, கோல்டன்வைசர் என்ற பேராசிரியரின் மானுடவியல் கருத்தரங்க வகுப்பில் ஒரு கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி நிலைத்தன என்பது அதன் பொருள். பெரிய பெரிய அறிஞர்களின் கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே உடன்படவில்லை என்று சொல்லித் தன் வாதத்தை வைத்தார். ஒரு மாணவர் வகுப்பில் வாசித்த கட்டுரைதான் அது. அடுத்த ஆண்டு ஆய்விதழில் அச்சாகி, நூற்றாண்டு கடந்து இன்றும் படிக்கப்படுகிறது.

இன்னொருவர் தஞ்சாவூர்க்காரர். ஜே.சி.குமரப்பா. லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று பம்பாயில் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர், 35 வயதில், 1927-இல், அமெரிக்கா போய் மறுபடி மாணவரானார். சிராக்யூஸில் பட்டம் வாங்கிவிட்டு கொலம்பியாவில் சேர்ந்தார். அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அவர் ஆற்றிய உரை பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், 'இதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வழிகாட்டினார். அம்பேத்கருக்கும் பாடம் எடுத்த அதே செலிக்மன்தான். அந்த ஆய்வு பின்னர் காந்தியின் 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளிவந்தது. குமரப்பா வாழ்நாள் முழுக்க காந்தியப் பொருளாதார அறிஞராக மாறினார்.

ரெக்கார்டு நோட்டுப் பழக்கம் வேண்டாம்

சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது இங்கே யாரும் குற்றமாக நினைக்காத விஷயம். கைடில் இருப்பதை வரி மாறாமல் எழுதினால் முழு மார்க்கே கிடைக்கும். அங்கே இரண்டுமே 'கல்வி நேர்மை' மீறல்.

ஒருவர் எழுதிய வரியை மேற்கோள் குறியில்லாமல் எடுப்பது மட்டும் காப்பி அல்ல. அவர் கருத்தை உங்கள் வார்த்தையில் மாற்றி எழுதினாலும், யாருடையது என்று சொல்லியாக வேண்டும். நண்பருக்கு உங்கள் கணினி நிரலைக் கொடுத்தால், வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் மாட்டுவார். ஒரு பாடத்துக்கு எழுதிய சொந்தக் கட்டுரையை அனுமதியின்றி இன்னொரு பாடத்துக்குக் கொடுப்பதும் தவறு. டர்ன்இட்இன் போன்ற மென்பொருள்கள் ஒற்றுமைகளை நொடியில் காட்டிவிடும். தண்டனை அந்தத் தாளுக்குப் பூஜ்யம் என்பதில் தொடங்கி, பாடத்தில் 'எஃப்', இடைநீக்கம் வரை போகும். இடைநீக்கம் என்றால் விசா நிலையே ஆடிப்போகும்.

'ஃப்ரெண்டுக்குக் குடுக்காம எப்படி?' என்ற மனசு நல்ல மனசுதான். அந்த மனசோடு நண்பரை ஆபீஸ் ஹவர்ஸுக்கு அழைத்துப் போகலாம். கட்டுரை எழுதுவதில் தடுமாறுபவர்களுக்கு, பெரும்பாலான வளாகங்களில் எழுத்துப் பயிற்சி மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அவர்கள் உங்களுக்காக எழுதித் தர மாட்டார்கள். உங்களை எழுத வைப்பார்கள்.

ஒரு கிளிக்கில் போகக்கூடிய விசா

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான இடம். எஃப்-1 விசாவில் இளநிலை படிப்பவர்கள் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். முதுநிலைக்கு எத்தனை என்பதைக் கல்லூரி முடிவுசெய்யும். பல இடங்களில் 9. பாடம் கடினமாக இருக்கிறதே என்று, இணையதளத்தில் ஒரு கிளிக்கில் அதைக் கைவிட முடியும். அமெரிக்க மாணவர் அதைத்தான் செய்வார். நம் மாணவர் அப்படிச் செய்து, எண்ணிக்கை 12-க்குக் கீழே போனால், சட்டப்படியான மாணவர் என்ற தகுதியே போய்விடலாம்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. ஆரம்பத்தில் ஆங்கிலத்திலோ, படிக்க வேண்டிய நூல்களின் அளவிலோ சிரமம், அமெரிக்கப் பயிற்று முறை பழக்கமில்லாமை, தகுதிக்குப் பொருந்தாத பாடத்தில் சேர்ந்துவிட்டது... இந்தக் காரணங்களுக்காகப் பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ள அமெரிக்கக் குடியேற்ற விதிகளே இடம் தருகின்றன. புதிதாக வருகிறவர் தடுமாறுவார் என்பதை அந்த நாட்டின் சட்டமே ஒப்புக்கொண்டு எழுதிவைத்திருக்கிறது!

நிபந்தனைகள் உண்டு. 'டி.எஸ்.ஓ.' எனப்படும் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். குறைத்தாலும் பாதிச் சுமையாவது, அதாவது 6 கிரெடிட்டாவது இருக்க வேண்டும். அடுத்த செமஸ்டரில் முழுச் சுமைக்குத் திரும்பிவிட வேண்டும். கைவிட்ட பிறகு போய்ச் சொன்னால் காலம் கடந்துவிடும்.

வேலை விஷயமும் அப்படித்தான். வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான். கடன் தவணை நெருக்குகிறதே என்று, அனுமதியில்லாமல் வெளியே கடைகளில் வேலை செய்வது விதிமீறல். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், வாட்ஸ்அப் குரூப்பில் சீனியர் சொன்னதை நம்பி முடிவெடுக்காமல் டி.எஸ்.ஓ.-விடம் கேட்டுவிட வேண்டும்.

வருகைப்பதிவில் அப்பா பெயர்

நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். அதனால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். 'மிஸ்டர் முருகேசன்' என்று மின்னஞ்சல் வந்தால், அது திருவொற்றியூரில் இருக்கும் அப்பாவுக்கு அல்ல, உங்களுக்குத்தான்! பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அதைக் குடும்பப் பெயராக வைத்து, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விசாவில் போட்டுவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. வகுப்பில் எப்படி அழைக்க வேண்டும் என்பதைக் கல்லூரியின் இணையதளத்தில் 'விருப்பப் பெயர்' என்ற இடத்தில் பதிந்துகொள்ள முடியும்.

மின்னஞ்சலில் 'ரெஸ்பெக்டட் சார்' தேவையில்லை. 'டியர் ப்ரொஃபசர்' என்று சொல்லிக் குடும்பப் பெயரைப் போட்டால் போதும். ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். தலைப்பில் பாடத்தின் எண், உள்ளே நான்கு வரியில் விஷயம்.

பெற்றோர்களுக்கு மூன்று விஷயங்கள்

ஒன்று: ஹெச்.ஓ.டி.-யைப் பார்த்து மார்க் கேட்கும் வழக்கம் அங்கே நடக்காது. 1974-இல் வந்த 'ஃபெர்பா' சட்டப்படி, கல்லூரி மாணவரின் மதிப்பெண் விவரம் மாணவருக்கே சொந்தம். அவர் எழுத்துபூர்வமாகச் சம்மதிக்காமல், பொதுவாகப் பெற்றோருக்கும் சொல்ல மாட்டார்கள். ஆகவே, உங்களுக்குத் தகவல் வரும் ஒரே வழி பிள்ளையின் வாய்தான். அதைத் திட்டி மூடிவிடாதீர்கள். 'சி வாங்கிட்டேன்பா' என்று அக்டோபரிலேயே சொல்லும் பிள்ளைக்கு வழி இருக்கிறது. பயந்து மறைத்து டிசம்பரில் சொன்னால் குறைவு.

இரண்டு: நியூயார்க்கில் ஆகஸ்ட் மாதத்தில் நேரம் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். நீங்கள் சாப்பிட்டு முடித்து இரவு 8 மணிக்குக் கூப்பிடும்போது அங்கே காலை 10.30, வகுப்பு நேரம். போனை எடுக்கவில்லை என்றால் பதற வேண்டாம்.

மூன்று: தனிமையும் பயமும் வந்தால் அது பலவீனம் அல்ல என்று புறப்படும்போதே சொல்லி அனுப்புங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் மனநல ஆலோசகர் இருக்கிறார். மிக நெருக்கடியான நேரத்தில், அமெரிக்காவில் எங்கிருந்தும் 988 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

விமானம் ஏறும் முன்

* அமெரிக்க அரசின் அதிகாரபூர்வ கல்வி ஆலோசனை மையமான 'எஜுகேஷன் யு.எஸ்.ஏ.', யு.எஸ்.ஐ.இ.எஃப். அமைப்பின் வழியாகச் சென்னையிலும் இயங்குகிறது. இடம், அண்ணா மேம்பாலம் அருகே அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டடம். விம்கோ நகர், திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் ஆயிரம் விளக்கில் இறங்கலாம். புறப்படும் மாணவர்களுக்கான அறிமுகக் கூட்டங்கள் ஆண்டுதோறும் நடக்கின்றன. இணையத்தில் நேரத்தை உறுதிசெய்துகொண்டு போங்கள். பெற்றோரும் கூடப் போவது நல்லது.
* சேரப்போகும் துறையின் பழைய சிலபஸ் ஒன்றை இணையத்தில் தேடி, முழுதாக ஒருமுறை படியுங்கள்.
* டி.எஸ்.ஓ., துறை ஆலோசகர் இருவரின் மின்னஞ்சலையும் இப்போதே போனில் சேமியுங்கள். யாரிடம் எதைக் கேட்பது என்பதில் குழப்பம் வேண்டாம்: விசாவுக்கு முன்னவர், பாடத்துக்குப் பின்னவர்.
* வகுப்பு தொடங்கி முதல் இரண்டு வாரத்துக்குள், சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு பேராசிரியரின் ஆபீஸ் ஹவர்ஸுக்கும் ஒருமுறை போய்ப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். முதல் தடவை போவதுதான் கஷ்டம்.
* எந்தப் பாடத்தையும் கைவிடும் முன், கிளிக் செய்யும் முன், டி.எஸ்.ஓ.-வுக்கு ஒரு மின்னஞ்சல்.

மொத்தத்தில், முதல் ஆறு வாரம் முக்கியம். இடைத்தேர்வு வருவதற்குள் எங்கே புரியவில்லை என்பதைக் கண்டுபிடித்து, அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், மீதியைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறது.